பிணையும் மீட்சியும்: சீறாவின் மான் படலம் குறித்து

உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களால் ஆன பெருங்காப்பியம். அதில் ஒரே ஒரு படலத்தை மட்டும் அறிந்தவர்கள் நம்மிடையே பலர்; அது நுபுவ்வத்துக் காண்டத்திலுள்ள 'மானுக்குப் பிணை நின்ற படலம்'. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் உயிரிரக்கத்திற்குச் சான்றாகவே அதை எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வாறு கொள்வதில் பிழையில்லை. ஆயினும் படலத்தின் உயிர்நிலை மானிடத்தில் மட்டும் இல்லை என்பதும், இறைவனின் பொறுமை மனிதனைத் தவ்பாவின்பால் அழைக்கும் முறையே அங்குக் கதையாகியிருக்கிறது என்பதும் நம் கருத்து.

கதை தெரிந்ததே. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழி வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் மான் முறையிடுகிறது: கன்று பசித்திருக்கிறது, சென்று பாலூட்டிவிட்டு மீண்டு வருகிறேன். நபியவர்கள் தாமே பிணை நிற்கிறார்கள். மான் வாராவிடில் ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாகவும் வாக்களிக்கிறார்கள். கானகம் புகுந்த மான் திரும்புவதும் உண்டோ என்று எள்ளும் வேடன், இறுதியில் இசைகிறான். மான் கன்றுக்குப் பாலூட்டுகிறது. இனம் தடுத்தும் நில்லாது மீள்கிறது. கன்றும் உடன் வருகிறது. வேடன் ஈமான் கொள்கிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை வல்லாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்னு கஸீர் போன்றோர் இதனை ஏற்கவில்லை. நாம் இங்கே ஆராய்வது காப்பியத்தை; சட்ட ஆதாரத்தை அன்று.

'பிணை' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் அது பெண்மானையும் குறிக்கும், ஈட்டுறுதியையும் குறிக்கும். பிணைக்குப் பிணை நின்ற கதை இது. அரபு மூலத்தில் இல்லாத, தமிழால் மட்டுமே இயலும் பொருத்தம் இது.

தாராபுரம், காங்கயம், திருப்பூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இச்சொல்லின் கனத்தை விளக்க வேண்டுவதில்லை. நூலைக் கடனுக்கு எடுத்து, பின்னிச் சாயமிட்டுத் தைத்து அனுப்பி, பணம் வந்தபின் கணக்குத் தீர்க்கும் ஊர்கள் இவை. பிறருக்காக ஜாமீன் கையெழுத்து இட்டவன், அவர் தவறினால் தன் வீட்டை இழப்பான். எனவே பிணை நிற்பதென்பது இரக்கத்தை வாயால் சொல்வதினும் மிகையானது. இழப்பைத் தன்மேல் ஏற்பது. மானை நபியவர்கள் விலை கொடுத்து வாங்கி விடுவித்திருந்தால் அது தர்மமாக மட்டும் நின்றிருக்கும். அவர்கள் தந்தது தவணை. அத்தவணைதான் மானை மீளச் செய்கிறது. மீண்ட மானே வேடனை மாற்றுகிறது. அவனை எவரும் அச்சுறுத்தவில்லை, நரகத்தை நினைவூட்டவும் இல்லை. தன்னால் கட்டுண்டு கிடந்த ஒரு விலங்கு, தப்பிக்க வழியிருந்தும் வாக்குத் தவறாததைக் கண்டான், அவ்வளவே.

'தவ்பா' என்னும் அரபுச் சொல்லின் முதற்பொருளும் மீளுதல்தான். 'பாவமன்னிப்புக் கோரல்' என்று மொழிபெயர்த்துப் பழகியதால், அதிலுள்ள நடையை, திரும்பி வரும் அசைவை நாம் மறந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் (ரலி) முதலிய மூவரைப் பற்றித் திருமறையின் 9:118ஆம் வசனம் பேசும்போது, அவர்கள் மீளும்பொருட்டு இறைவன் முதலில் அவர்கள்பால் திரும்பினான் என்னும் கருத்துப்பட அமைந்திருக்கிறது. மீளுதல் இருபுறத்தது, முந்துவது அவன். ஐம்பது நாள் ஊர் விலக்கில் கஅப் காத்திருந்தது அத்திருப்பத்துக்காகவே.

மக்களை அவர்தம் வினைக்காக உடனே பிடிப்பதாயின் பூமியில் எவ்வுயிரும் எஞ்சாது, ஆயினும் குறித்த தவணைவரை அவன் பிற்படுத்துகிறான் என்பது 35:45இன் கருத்து. ஆனால் 3:178 மறுபக்கத்தையும் காட்டுகிறது: மறுப்போர்க்குத் தரப்படும் அவகாசம் பாவம் பெருகவே பயன்படும். 'ஹலீம்' என்பது திருமறை கூறும் இறைத் திருப்பெயர். 'ஸபூர்' ஹதீஸ் வழிவந்த பட்டியலில் உள்ளது. இரண்டையும் ஓதி மகிழும் நாம், தவணைக்கு முடிவு உண்டு என்பதை எளிதில் விட்டுவிடுகிறோம்.

அவகாசத்தை அனுமதியாக எண்ணியதன் விளைவை இவ்வட்டாரம் கண்ணால் கண்டது. நொய்யலில் சாயக்கழிவு கலப்பதை நிறுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கெடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009இல் மேலும் மூன்று மாதம் தந்தது. முடிவில் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவை ஆலைகளை மூடும்படி உத்தரவாயிற்று. நீதிமன்றத்தை இறைவனுக்கு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிய அந்த ஆண்டுகளில், ஒவ்வொரு நீட்டிப்பும் மீளுவதற்கான காலம் என்று எத்தனை பேர் கருதினோம்? ஆலை உரிமையாளரை மட்டும் கேட்கும் கேள்வியன்று இது. அத்தொழிலால் பிழைத்த குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளிலும் உண்டு.

மீண்டும் காப்பியத்துக்கு வருவோம். உமறுவிடம் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. மானின் புலம்பலுக்கும் கன்றைப் பிரியும் காட்சிக்கும் விருத்தங்களை வாரி வழங்கும் அவர், வேடனின் உள்ளம் திரும்பும் கணத்தை விரைந்து கடந்துவிடுகிறார். எள்ளியவன் எவ்வாறு உருகினான் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலத்தில் இக்குறை இல்லை. வாளோடு புறப்பட்டவர் தம் சகோதரியின் வீட்டில் இறைவசனம் கேட்டு நெகிழ்வதைப் படிப்படியாகக் காண்கிறோம். ஒருவேளை வரலாற்று மாந்தர்க்குத் தந்த அகத்தைப் பெயரில்லா வேடனுக்குத் தரப் புலவர்க்குத் தோன்றவில்லை போலும்.

இன்னொன்றும் உண்டு, அதற்குப் புலவரைக் குறை சொல்ல இயலாது. சீறாப்புராணம் நபி வாழ்வு முழுவதையும் பாடி முடியவில்லை. ஹிஜ்ரத்துக் காண்டம் உறனிக் கூட்டப் படலத்தோடு நின்றுவிடுகிறது. ஹிஜ்ரி 8இல் நிகழ்ந்த மக்கா வெற்றியும், இருபதாண்டு பகைத்தோர்க்கு அன்று வழங்கிய பொதுமன்னிப்பும், அடுத்த ஆண்டின் தபூக்கும் அதன் எல்லைக்கு அப்பால் உள்ளன. எஞ்சியதைப் பாடப் பனீ அகமது மரைக்காயரின் சின்னச் சீறா வரவேண்டியிருந்தது. உகுதுக் களத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியால் வீழ்த்திய வஹ்ஷியை உமறு கொலையாளியாகவே நம்மிடம் விட்டுச் செல்கிறார். அவ்வஹ்ஷியும் மக்கா வெற்றிக்குப் பின் நபியவர்களிடம் வந்து நின்றதையும், மன்னிக்கப்பட்டதையும், சீறாவை மட்டும் கற்றவர் அறியார்.