குலவித்தையும் கற்ற வித்தையும்

குலவித்தை கல்லாமலே பாதி வரும் என்பது பழமொழி. நடிகர் வீட்டுப் பிள்ளைகள் நடிப்பிற் சிறந்து விளங்கக் கண்டால், ‘இரத்தத்தில் ஊறிய கலை’ என்று கூறி அமைவோர் பலர். இக்கூற்று ஆராய்ந்து கொள்ளத்தக்கது.

டி. கே. எஸ். சகோதரர்களின் வரலாற்றை நோக்குவோம். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடத்தில் பெயர் பெற்ற நாடக நடிகர். அவர்தம் மைந்தர் 1918ஆம் ஆண்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் சிறுவர் நாடக சபையிற் சேர்ந்தபோது, சண்முகத்துக்கு வயது ஆறு. பின்னாளில் ஒளவையாராக நடித்து ‘அவ்வை சண்முகம்’ எனப் புகழ் பெற்றார். தந்தையின் பெண் வேடத் திறன் மகனிடம் வந்தது என எளிதிற் கூறிவிடலாம். ஆயின், இடையே இருபதாண்டுக்கு மேற்பட்ட இடையறாப் பயிற்சி கிடந்தது என்பதை மறத்தலாகாது.

இனி, மறுபக்கம் காண்போம். சிவாஜி கணேசன் நடிகர் குடும்பத்திற் பிறந்தவரல்லர். சிறு வயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவே அவருக்கு வீடும் பள்ளியும் ஆயிற்று. 1952இல் ‘பராசக்தி’யில் வெளிப்பட்ட குரலும் தெளிவும் மேடை தந்தவை. வழக்கறிஞர் மகனான கமல்ஹாசனும், 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் நடித்தபின், சண்முகத்தின் சபையிற் பயின்றார். 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’ என்னும் படப்பெயர், ஆசானுக்கு மாணாக்கர் செய்த வணக்கமாகும்.

அங்ஙனமாயின் குடும்பம் தருவது யாது? ஒன்று, கண்டும் கேட்டும் பழகும் வாய்ப்பு. பிள்ளை தான் கற்கிறோம் என்று அறியாமலே கற்கிறது. நாம் அதனைக் ‘கல்லாமல் வந்தது’ என்கிறோம். மற்றொன்று, முதல் வாய்ப்பு. இதனோடு ஒரு சுமையும் வருகிறது. 1982இல் ‘சங்கிலி’யில் அறிமுகமான பிரபுவை, மக்கள் முதற்படத்திலேயே தந்தையாகிய சிவாஜியோடு ஒப்பிட்டனர். பெயரில்லாப் புதியவருக்கு அத்துன்பம் இல்லை.

சிறுவர் நாடக சபைகள் மறைந்தன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் கல்வியிலிருந்தும் பிரித்த அம்முறை மீள வேண்டுவதில்லை. ஆயினும், நடிகர் வீட்டிற் பிறவாத சிறுவனுக்கு அவை திறந்து வைத்திருந்த வாயிலும் உடன் அடைபட்டது. அவ்விடத்தை ஓரளவேனும் நிரப்பவல்லது பள்ளி மேடையே. ஆண்டுவிழா நாடகத்திற்கு வேடம் வகுக்கும் ஆசிரியர், பிள்ளையின் குடிப்பிறப்பை நோக்காது, நாளும் ஒத்திகைக்கு வரும் ஆர்வத்தை நோக்குவாராக. பாதி வீட்டில் வரலாம். மறுபாதியைக் கற்றே பெறல் வேண்டும்.