சிரிப்பில் சரிந்த சூழ்ச்சிக் கோட்டை

அச்சுறுத்தி ஆள்வோரிடம் ஆயுதங்கள் ஆயிரம் உண்டு. அவர்களே அஞ்சும் ஆயுதம் ஒன்று உண்டு. அதுதான் சிரிப்பு! அமெரிக்கத் தொலைக்காட்சியிலே அதனை ஏந்தி வந்த தொடர், 'கெட் ஸ்மார்ட்'. மெல் புரூக்சும் பக் ஹென்றியும் படைத்தது. 1965 முதல் 1970 வரை 138 பகுதிகளாக ஒளிபரப்பானது.

காலத்தை எண்ணிப் பாருங்கள். பனிப்போர் மூண்டிருந்தது. 1962இல் 'டாக்டர் நோ' படத்தின் மூலம் வெண்திரைக்கு வந்த ஜேம்ஸ் பாண்டு, கொல்வதற்கே உரிமம் பெற்ற கோமகனாக உலா வந்தான். ஒற்றன் தவறமாட்டான், அவனை ஏவும் அரசும் தவறாது என்ற மூடநம்பிக்கை வளர்ந்தது. மூடநம்பிக்கை கோயிலில்தான் குடியிருக்கும் என்று யார் சொன்னது? கோப்புகளிலும் குடியிருக்கும்!

அதைத்தான் இத்தொடர் எள்ளி நகையாடியது. 'கன்ட்ரோல்' நல்லவர் கூட்டம். 'கேயாஸ்' கெட்டவர் கூட்டம். கன்ட்ரோலின் 86ஆம் எண் ஒற்றன் மேக்ஸ்வெல் ஸ்மார்ட். டான் ஆடம்ஸ் நடித்த இந்த வீரனின் தொலைபேசி அவன் காலணிக்குள்ளே! இரகசியம் பேச அவன்மீதும் தலைவர்மீதும் கண்ணாடி போன்ற கவிகை ஒன்று இறங்கும்; இறங்கியபின் ஒருவர் பேச்சு மற்றவருக்கே கேளாது! பகைவனிடம் சிக்கியவன், ஏழு காவற்கப்பல்கள் வருகின்றன என்பான். நம்பவில்லையா? ஆறு என்பான். இறுதியில் அது ஒரு துடுப்புப் படகும் இரண்டு காவலருமாகச் சுருங்கும். வல்லரசின் வீறாப்பு வேறென்ன?

அறிவு யாரிடம் இருந்தது? பார்பரா ஃபெல்டன் நடித்த 99ஆம் எண் பெண்ணிடம். காப்பவள் அவள், புகழ் பெறுபவன் அவன். தொடர் முடியும்வரை அவளுக்கு எண்தான் உண்டு, பெயர் இல்லை. இது ஆணாதிக்கத்தைக் கேலி செய்ததா, அதற்கே இரையானதா? இரண்டும்தான்.

ஒரு காட்சி நெஞ்சைவிட்டு அகலாது. நாமும் கொல்கிறோம், அழிக்கிறோம். நாம் அவர்களைவிட எவ்வகையில் மேல் என்று அவள் வினவுகிறாள். உலகில் நல்லனவற்றைக் காக்கக் கொன்றும் அழித்தும்தானே ஆகவேண்டும் என்கிறான் அவன். வியட்நாமில் குண்டு பொழிந்த நாட்களில் வந்த நகைச்சுவை அது! நூறு மேடைப் பேச்சு செய்யாததை ஒரு நொடி செய்தது.

குறையும் உண்டு. ஆசியப் பகைவனாக ஒரு வெள்ளையரை வேடமிட்டு நிறுத்தி, அவன் 'கிளா' என்று தன் பெயரை உச்சரிக்க முயன்று 'கிரா' என்று குழறுவதைக் கண்டு கைகொட்டச் செய்தனர். வலியவனைச் சுடும் சிரிப்பு விடுதலை. எளியவனின் நாவைச் சுடும் சிரிப்பு இழிவு. முன்னதைப் போற்றுவோம், பின்னதைப் புறக்கணிப்போம்.

மிகைப்படுத்திவிட்டார்கள் என்பீர்களா? 1975இல் அமெரிக்க மேலவைக் குழு வெளியிட்ட அறிக்கையைக் கேளுங்கள். காஸ்ட்ரோவைத் தீர்த்துக்கட்ட சி.ஐ.ஏ. எண்ணிய வழிகளில் நஞ்சேற்றிய சுருட்டு ஒன்று; வெடிக்கும் கடற்சிப்பி ஒன்று; பூஞ்சைக் கிருமி தூவிய முக்குளிப்பு உடை மற்றொன்று! காலணித் தொலைபேசி இவற்றிற்கு முன் கண்ணியமான கருவி அன்றோ?

கேலிக்கூத்து திரையில் இருந்தது என எண்ணிச் சிரித்தனர் மக்கள். அது அரசாங்க அறையில் இருந்தது. 'இரகசியம்' என்று எவரேனும் கதவை மூடினால், இளைஞர்களே, முதலில் சிரியுங்கள். பிறகு விடாமல் தட்டுங்கள்!