இரட்சணிய யாத்திரிகத்தில் பக்தி மரபும் திருமறையும்

சமய மரபுகள் கலக்குமிடத்துத் திருமறையின் செய்தி நீர்த்துவிடும் என அஞ்சுவோர் நம்மிடையே உளர். கலப்பு வெறும் புற ஆடையே, உட்பொருள் அதனால் மாறுவதில்லை என அமைதி கொள்வோரும் உளர். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் இவ்விரு கருத்துகளையும் மறுக்கிறது.

வைணவக் குடியிற் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற இப்புலவர், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையை ஐந்து பருவங்களாலான காப்பியமாக்கி 1894இல் வெளியிட்டார். காப்பிய நடைக்குக் கம்பனைப் பின்பற்றினார். இடையிடையே அமைந்த இசைப்பாடல்களுக்கோ சைவர் போற்றும் 'தேவாரம்' என்னும் பெயரைச் சூட்டினார்.

பனியனின் கதையில் சிலுவை பயணியின் வழியில் நிற்கிறது. அவன் அதனை நோக்குகிறான், முதுகுச்சுமை வீழ்கிறது, பயணம் தொடர்கிறது. கிறிஸ்துவின் பாடுகள் அங்கு விரித்துரைக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ சுவிசேஷங்களை நாடிச் சென்று அப்பாடுகளை விரிவாகப் பாடுகிறார். இம்மாற்றத்தின் காரணம் யாது? இறைவனின் திருமேனியையும் அருட்செயல்களையும் பாடிப்பாடி உருகுவதே தமிழ்ப் பக்தி மரபு. அம்மரபில் ஊறிய உள்ளத்திற்கு உருவகம் மட்டும் போதவில்லை. ஆகவே பக்தி மரபு அவரைத் திருமறையினின்று விலக்கவில்லை. பனியனையும் கடந்து அதனிடமே சேர்த்தது எனலாம்.

எனினும் ஒரு குறையை மறைத்தலாகாது. பனியன் பாத்திரம் செப்பனிடும் தொழிலாளி. எளியோர் பேசும் மொழியில் எழுதியவர். அவர்தம் கதை தமிழில் உரையின்றி விளங்காத புலவர் நடையைப் பெற்றது. திருநெல்வேலித் திருச்சபையினருட் பெரும்பாலோர் கல்வி மறுக்கப்பட்டிருந்த சமூகங்களினின்று வந்தவர்கள். அவர்களுடைய தாலாட்டும் ஒப்பாரியும் இக்காப்பியத்திற்கு அடித்தளமாகவில்லை. எனவே சமயக் கலப்பைக் குறித்து 'கலக்கலாமா?' என வினவுவதோடு நில்லாமல், 'யாருடைய பண்பாட்டோடு?' என்றும் நாம் வினவுதல் வேண்டும்.

இறையியல் மாணவர் இந்நூலைக் கம்பனோடும் ஆழ்வார் பாசுரங்களோடும் சுவிசேஷங்களோடும் ஒருங்கே வைத்துக் கற்பாராக. அப்பொழுதே கவிஞர் எதனை ஏற்றார், எதனை மாற்றினார் என்பது விளங்கும். கற்றபின் தம் சபையின் எளியோர் பாடும் பாடலுக்கும் செவிசாய்ப்பாராக. கிருஷ்ணபிள்ளை தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதி அங்கேதான் காத்திருக்கிறது.