தவிட்டு மாவும் வாஃபிள் அச்சும்

அமெரிக்காவின் ஆல்பனி நகரத்தில் மகள் வீட்டில் ஆறு மாத காலம் தங்க நேர்ந்த எனக்கு, பேத்தி தினந்தோறும் காலையில் உறைபெட்டியிலிருந்து எடுத்து டோஸ்டரில் சுட்டுத் தின்னும் வாஃபிளின் மீது முதலில் ஏற்பட்டது அலட்சியம். அது வந்த அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்துப் படித்த பிறகு ஏற்பட்டது சந்தேகம். முகப்பிலே கோதுமைக் கதிரும் 'பல தானியம்' என்னும் வாசகமும் கம்பீரமாக விளங்க, பக்கவாட்டில் பொடியெழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலோ 'ஊட்டமேற்றிய கோதுமை மாவு' என்று ஆரம்பித்தது. தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு, அவற்றோடு போன சத்துக்களில் சிலவற்றை மட்டும் திரும்பச் சேர்த்த வெள்ளை மாவுக்குத்தான் அந்தப் பெயர்; நம் ஊர் மைதாவுக்கு அது பங்காளி. பல தானியம் வேறு, முழுத்தானியம் வேறு. பத்துத் தானியங்களைத் தவிடு நீக்கிச் சேர்த்தாலும் பல தானியம்தான். பட்டியலின் முதல் சொல்லே 'முழு' என்றிருக்கும் பெட்டியைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தோம். குழந்தை ஒரு வாய் கடித்துவிட்டு, "தாத்தா, இது அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டது. அன்று மாலையே மின்சார வாஃபிள் அச்சு ஒன்றை வாங்கினேன்.

வட்ட வடிவம், 900 வாட், கட்டங்கள் ஓர் அங்குல ஆழம், மேலே சிவப்பும் பச்சையுமாக இரண்டு விளக்குகள், சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கிடையாது. விலை 40 டாலருக்குச் சற்றுக் குறைவு. இந்த யந்திரத்தின் மூதாதை, மகள் வீட்டிலிருந்து பத்து மைல் தூரத்தில், ஹட்சன் நதிக்கு அக்கரையில் உள்ள ட்ராய் நகரத்துக்காரர் ஒருவருடையது என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. கொர்னேலியஸ் ஸ்வார்ட்வுட் என்னும் அவர், அடுப்பின் மேல் வைத்துக் கை சுடாமல் புரட்டக்கூடிய வாஃபிள் இரும்புக்கு 1869-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி காப்புரிமை பெற்றார். அந்தத் தேதியை இந்நாட்டார் இன்றும் வாஃபிள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் சூடேறும் மின்சார அச்சுக்குப் புரட்டும் சிரமமே இல்லை.

முதல் பரீட்சை படுதோல்வி. புத்தகத்தில் வெள்ளை மாவுக்குச் சொல்லியிருந்த அளவிலேயே முழுக் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றி, பச்சை விளக்கு எரிந்ததும் மூடியைத் தூக்கினேன். வாஃபிள் இரண்டாகக் கிழிந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டது. "முதல் தோசை கல்லுக்கு, விடுங்கள்" என்று என் மனைவி ஆறுதல் சொன்னாள். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே ஆனபோதுதான், குற்றம் அச்சினுடையதல்ல, விளக்கை நம்பியவனுடையது என்பது புலனாயிற்று. அந்த விளக்கு தட்டின் சூட்டை அறியுமே தவிர, மாவின் பக்குவத்தை அறியாது. தவிடு நீரை நிறைய உறிஞ்சி, மெதுவாகவே விடும்; ஆகையால் வெள்ளை மாவு நாலு நிமிஷத்தில் வேகும் இடத்தில் இது ஐந்தரை நிமிஷம் கேட்கிறது. உண்மையான அடையாளம் ஆவி. மூடியின் ஓரங்களில் புஸ்ஸென்று கிளம்பும் ஆவி படிப்படியாக இளைத்து, ஏறக்குறைய நின்றுபோகும் தருணத்தில் திறந்தால், ஒரு துணுக்குக்கூட ஒட்டாமல் முழுசாக எழுந்து வருகிறது. அச்சு முறுக்குச் சுட்டுப் பழகியவர்களுக்கு இந்த நிதானம் புதிதல்ல. சலசலப்பு அடங்கும் முன்னே அச்சை உதறினால் அங்கேயும் இதே கதிதான்.

கரைசலின் சூட்சுமம் இரண்டே. ஒன்று, ஊறவைப்பது. 240 கிராம் மாவுக்கு 420 மில்லி மோர், இரண்டு மஞ்சட்கரு, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், சிட்டிகை உப்பு. இவற்றைக் கலந்து அரை மணி நேரம் வைத்தால், மணல் போல் நெருடும் தவிடு நனைந்து மிருதுவாகிறது. இரண்டாவது, முட்டையின் வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்து, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரோடு கடைசி நிமிஷத்தில் மெல்லச் சேர்ப்பது. தவிட்டின் கூரான துகள்கள் கோதுமையின் பசையை அறுத்து மாவை எழும்பவொட்டாமல் அமுக்கிவிடுவதால், அதை எழுப்பும் காற்று வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வெண்ணெயில் கஞ்சத்தனம் செய்தேன் ஒரு நாள். அன்று மறுபடியும் அட்டைதான்.

இந்தியக் கடையில் வாங்கிய கேழ்வரகு மாவையும் விட்டுவைக்கவில்லை. கால் பங்கு சேர்த்தபோது நிறமும் மணமும் பிரமாதம். பாதிப் பங்குக்கு ஏறியதும், அதில் கோதுமையின் பசை இல்லாத காரணத்தால், எடுக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பு சற்றே கசந்தது, மாவு பழசாயிருக்கக்கூடும். முளையோடு கூடிய எந்த மாவிலும் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் காறிப்போகும். வாங்கியதைக் குளிர்பெட்டியில் வைப்பது உத்தமம்.

யந்திரத்தைப் பற்றிய குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தட்டுகள் கழலாதவை, கட்டங்களின் இடுக்கில் வழிந்த மாவை ஈரத்துணியும் மூங்கில் குச்சியும் கொண்டுதான் எடுக்க முடிகிறது, உலோகக் கரண்டி பட்டால் மேற்பூச்சு போய்விடும். திருகு இல்லாதது அதைவிடப் பெரிய குறை. பெல்ஜியப் பாணி என்று விற்கப்படும் இந்த ஆழக் கட்டங்கள், 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் பிறகு இந்நாட்டில் பிரசித்தி பெற்றவை; பழத்தையும் பாகையும் தாங்குவதற்கு அவை ஏற்றவையே ஆனாலும், தவிட்டு மாவுக்கு உள்ளே ஈரம் தங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய, கட்டம் ஆழமில்லாத பழைய அச்சில் அதே மாவை ஊற்றிப் பார்த்தேன். மொறுமொறுப்பில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எந்த அச்சானாலும், சுட்டதைத் தட்டில் அடுக்காமல் கம்பித்தட்டில் ஆறவிட வேண்டும். அடுக்கினால் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். மிஞ்சியதை உறையவைத்து டோஸ்டரில் சுடலாம். எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை சுட்டது வியாழன் வரை வருகிறது, பேத்தியும் தள்ளுவதில்லை.

என் தீர்ப்பு இதுதான்: முழுத்தானியத்துக்காக வாங்குகிறவர் ஆழமில்லாத கட்டமும், சூட்டுத் திருகும், கழலும் தட்டும் உள்ளதையே வாங்குக, பத்து டாலர் அதிகமானாலும் பாதகமில்லை. இங்கே வாங்கி ஊருக்குக் கொண்டுபோக நினைக்கும் அன்பர்களுக்கு மாத்திரம் ஒரு வார்த்தை: இந்த அச்சு 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.