கப்பல் கதையில் காணாமற்போன காந்தம்

போர்க்கப்பல்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. டொராண்டோவில் கட்டப்பெற்று 1944-இல் நீரில் இறங்கிய 'பிளையிங் பிஷ்' என்ற கண்ணிவாரிக் கப்பல், 1949-இல் இலங்கையின் கைக்கு மாறி 'விஜய' ஆயிற்று என்பார்கள். நீளம், பீரங்கி எல்லாம் வரும். ஆண்டுகள் வேண்டியவையே. ஆனால் கண்ணியை எவ்வாறு வாரினார்கள்? அதைச் சொல்வாரில்லை.

நங்கூரமிட்ட கண்ணியை இழுவைக் கம்பியால் அறுத்துவிடலாம். கடலடியில் கிடக்கும் காந்தக் கண்ணிக்கு அது போதாது. எஃகுக் கப்பல் புவிக்காந்தத்தால் தானும் காந்தமாகிறது. அது மேலே செல்லும்போது கண்ணியிலுள்ள காந்த ஊசி சாய்ந்து மின்சுற்றை மூடும், கண்ணி வெடிக்கும். 1939 நவம்பரில் இங்கிலாந்தின் ஷூபரினஸ் கரையில் அகப்பட்ட ஜெர்மன் கண்ணியைப் பிரித்துப் பார்த்தே இதை உறுதி செய்தனர்.

மாற்று என்ன? இரு கண்ணிவாரிகள் இணையாகச் சென்று, பின்னால் மிதக்கும் மின்வடங்களின் வழியே கடல்நீரில் பெரும் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தின. எழுந்த காந்தப்புலம், கப்பல்கள் கடந்தபின் கண்ணியை வெடிக்கச் செய்தது. எங்கள் திருநின்றவூர் ஏரியில் இது பலிக்காது. நன்னீர் உப்புநீர் போல மின்சாரத்தைக் கடத்தாது.

இதை விட்டுவிட்டால் என்ன நட்டம் என்கிறீர்களா? எர்ஸ்டெட் சோதனையை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் மாணவன், அதே விதி மாலுமிகளின் உயிரைக் காத்தது என்பதை அறியாமலே போகிறான். இவையெல்லாம் தமிழில் சொல்ல வராது என்பாரும் உண்டு. மேலேயுள்ள இரண்டு பத்திகளே அவர்களுக்கு விடை.