பெட்டிக்குள் இல்லாத வசனங்கள்

டிசம்பர் 31 இரவு தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ எந்தச் சபைக்குப் போனாலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். வருஷம் முழுக்க ஆலயப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியதும், பலரும் காத்திருந்த வாக்குத்தத்த வசனம் வரும். சில சபைகளில் கூடையிலோ பெட்டியிலோ சின்ன அட்டைகள். ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். சிலவற்றில் போதகரே சபை முழுமைக்கும் ஒரு வசனத்தை அறிவிப்பார். அது காலண்டரில் ஏறும், ஃபிளெக்ஸில் ஏறும், விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வந்துவிடும். என் வாழ்க்கையைக் குறித்துத் தேவசித்தம் என்ன என்கிற கேள்விக்கு விரல்நீள அட்டையில் ஒரு பதில்.

கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சிரிப்பவர்கள் சபைக்குள்ளேயே உண்டு. என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. வாழ்வின் நோக்கத்தைப் பற்றி எழுதப்படும் புத்தகங்களும் நடத்தப்படும் கருத்தரங்குகளும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தேர்ந்தெடுக்க நாலு வழி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே பேசுகின்றன. பீடி சுற்றிப் பிழைக்கும் அறுபது வயதுப் பெண்ணிடம் உன் வாழ்வின் நோக்கம் என்னவென்று யாரும் கேட்டதில்லை. அவர் கையில் வரும் அட்டை, கடவுள் உன்னிடமும் பேசுகிறார் என்கிறது. கமிட்டி செயலாளரும் ஆலயம் கூட்டுபவரும் ஒரே கூடைக்குள் கையை விடுகிறார்கள்; நம் சபைகளில் அப்படி நடக்கும் இடங்கள் அதிகமில்லை. ஒரே வசனத்தை வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லி, ஆஸ்பத்திரி வார்டிலும் அதையே பிடித்துக்கொண்டு படுத்திருப்பவரின் தியானத்தை, வேதாகமத்தை வேகமாகப் புரட்டி முடிக்கும் படிப்பாளியால் எட்ட முடியாது.

பழக்கத்துக்கு நல்ல வம்சாவளியும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் என்ற சிற்றூரில் மொரேவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவின் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு, 1728இல் மறுநாளுக்கான வசனம் ஒன்றைச் சபையாருக்குக் கொடுத்தார். 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் புத்தகமாகவே வருகின்றன. இன்றும் அவர்கள் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள்; அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துச் சேர்க்கிறார்கள். சீட்டுக்கு ஒரு பங்கு, சிந்தனைக்கு ஒரு பங்கு. அன்றைய வசனம் எல்லோருக்கும் ஒன்றே. நம் கூடைக்கு வருவதற்குள் அந்தச் சிந்தனையும் இந்தப் பொதுமையும் உதிர்ந்துவிட்டன.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மொரேவியர்களிடம் நிறையக் கற்றுக்கொண்டவர். சீட்டுப் போடும் பழக்கமும் அவரைத் தொற்றியது. 1737இல் அமெரிக்காவின் சவானாவில், தான் விரும்பிய சோஃபி ஹாப்கியை மணப்பதா என்று மூன்று சீட்டு எழுதிப் போட்டார். அந்த எண்ணத்தையே விட்டுவிடு என்ற சீட்டு வந்தது, விட்டுவிட்டார். (1751இல் சீட்டில்லாமல் செய்துகொண்ட கல்யாணமும் நன்றாக அமையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 1739இல், பிரிஸ்டலுக்கு வரும்படி நண்பர் விட்ஃபீல்ட் அழைத்தார். போகலாமா என்று லண்டன் சங்கத்தார் வேதாகமத்தைத் திறந்து பார்த்தார்கள். மோசே மலையேறிப் போய் மரிப்பது, ஜனங்கள் அவருக்காக அழுவது, சவுல் படப்போகும் பாடுகள், ஸ்தேவானின் அடக்கம் என்று திறந்த இடமெல்லாம் சாவும் துக்கமும். தம்பி சார்லஸ் போகவே கூடாது என்றார். பேசித் தீராமல் சீட்டுப் போட்டார்கள். போ என்று வந்தது. ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பது கிட்டத்தட்டப் பாவம் என்று நினைத்திருந்த மனிதர், 1739 ஏப்ரல் 2 அன்று திறந்தவெளியில் நின்று பிரசங்கித்தார். கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் அவர் பிரசங்கத்தைக் கேட்கக் கூடினார்கள். அடுத்த ஐம்பது வருஷத்துக்கான அவருடைய வேலை அங்கே தொடங்கியது. அதைச் சொல்லும் வசனம் எதுவும் அன்று திறந்த பக்கங்களில் இல்லை.

நம் பெட்டியின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. ஸ்தேவானின் அடக்கம் அதில் கிடையாது. எடுக்கும் கை கண்ணை மூடியிருக்கிறது. நிரப்பிய கை மூடவில்லை. ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், தலையாக்குவேன் என்ற வகை வசனங்களை அச்சகத்தில் யாரோ முன்பே பொறுக்கி வைத்துவிட்டார். கட்டளை, கண்டனம், புலம்பல், பிறருக்கு நீ என்ன செய்தாய் என்ற விசாரணை ஆகியவை பெரும்பாலும் சேர்வதில்லை. அட்டையைக் கர்த்தர் தெரிந்தெடுத்தார் என்று நம்புகிறவரும், எவற்றிலிருந்து தெரிந்தெடுத்தார் என்று கேட்டாக வேண்டும்.

வாழ்வின் நோக்கத்துக்கு அதிகம் எடுத்தாளப்படும் எரேமியா 29:11 இதற்கு நல்ல உதாரணம். உங்களைக் குறித்து எனக்கிருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்கிற கருத்துள்ள அந்த வசனம், பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் கெடு வைக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அது நிறைவேறுவதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்பிடித்துப் போன பட்டணத்தின் நலனுக்காகவும் ஜெபியுங்கள் என்கிறது ஏழாம் வசனம் வரையான பகுதி. நோக்கம் என்ற ஒன்று அந்த அதிகாரத்தில் இருந்தால் அது இந்த வேலைகளில்தான் இருக்கிறது. அட்டையில் பதினோராம் வசனம் மட்டும் தனிமனித உறுதிமொழியாக வந்து சேர்கிறது, பெரும்பாலும் டிசம்பருக்குள் முடிந்துவிட வேண்டிய கெடுவோடு.

டிசம்பரில் நிறைவேறாவிட்டால்? வருஷக் கடைசியில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் வேலை கிடைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வீடு கட்டியவர்கள். கிடைக்காதவர்களுக்கு மைக் போவதில்லை. அப்படியே போனாலும் உன் விசுவாசம் போதவில்லை என்ற பதில் தயாராக இருக்கிறது. குழந்தைக்காகப் பத்து வருஷம் அட்டை எடுத்த பெண்ணின் மேல் இந்தச் சுமையை ஏற்றுவதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை. பழக்கத்தின் எல்லா நன்மைகளையும் தட்டின் ஒரு பக்கம் வைத்தாலும் இது கனக்கத்தான் செய்கிறது.

மொரேவியர்களிடமிருந்து நள்ளிரவு ஆராதனையை எடுத்துக்கொண்ட அதே வெஸ்லி, 1755இல் உடன்படிக்கை ஆராதனை என்ற ஒன்றையும் தம் மக்களிடையே தொடங்கினார். அதில் கடவுளிடமிருந்து வாக்கு வாங்குவதில்லை. கூடியிருப்பவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். என்னை வேலையில் வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும், நிறைத்தாலும் வெறுமையாக்கினாலும் உமக்கே சொந்தம் என்ற கருத்தில் அதன் ஜெபம் அமைந்திருக்கிறது. மெதடிஸ்டுகளும் சேர்ந்து 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு இது அந்நிய மரபல்ல. ஆனாலும் கூடையைச் சுற்றி வரும் கூட்டம் இதற்கு வருவதில்லை. வெறுமையாக்கினாலும் சரி என்பதை ஃபிளெக்ஸில் அடிக்க முடியாதே.

சீட்டு எடுப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. பீடி சுற்றும் அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கென்ன உரிமை? எடுத்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் ஜனவரிக்குள் வீட்டில் வாசிக்க வேண்டும் என்று போதகர்கள் ஒரு நிபந்தனை வைக்கலாம். அட்டை அச்சிடுபவர்கள் இன்னும் கொஞ்சம் துணியலாம்: எரேமியா 29:7, மீகா 6:8, நல்ல சமாரியன் உவமை முடியும் லூக்கா 10:37, சவுலின் பாடுகளைச் சொல்லும் அப்போஸ்தலர் 9:16 ஆகியவற்றையும் அட்டைக் கட்டுக்குள் கலந்து வைக்கலாம். விற்பனை கொஞ்சம் குறையும்.