கடல் இருந்த இடமும் கடல் இருக்கும் இடமும்

அரியலூர் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளில் 'இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது' என்ற வாக்கியம் இல்லாத ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை. பல நேரம் அதுதான் முதல் வரி. பிறகு காரையின் செம்மண் பள்ளங்கள், சாத்தனூர் கல்மரம், கங்கைகொண்ட சோழபுரம், வழியில் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை. கடைசியில், கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மனுஷன் எம்மாத்திரம் என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது.

நான் திருவொற்றியூர்க்காரன். கடல் இருந்த இடத்தைப் பார்க்க விடியற்காலை கிளம்பி ஐந்தாறு மணி நேரம் வண்டி ஓட்டுகிற நண்பர்கள், கடல் இருக்கிற எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இதை ஊர்ப்பாசத்தில் வரும் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் புகார் எழுத்தைப் பற்றியது. எது 'பார்க்க வேண்டிய இடம்' என்று இந்தக் கட்டுரைகள் தீர்மானிக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. அது எண்ணூரை மட்டுமல்ல, அரியலூரையே பார்க்க விடாமல் செய்கிறது.

முதலில் அந்த நிலத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே ஏறிய கடல், முன்னும் பின்னுமாக நகர்ந்து, டைனோசர்கள் அழிந்த காலம் வரை இங்கே அடுக்கடுக்காகப் படிந்தது. 1840களில் பொறுக்கப்பட்ட சிப்பிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பிறகு வந்தார் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அம்மோனைட்டுகள், நத்தைகள், சிப்பிகள், பவளங்கள் என ஒவ்வொன்றாக எடுத்து விவரித்து, பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர். 1874இல் லடாக் பயணத்தில் இறந்தபோது அவருக்கு வயது 36. ஊட்டத்தூர் என்ற பெயர் உலகத்தின் புவியியல் நூலகங்களில் ஒன்றரை நூற்றாண்டாகப் புழங்குகிறது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெரியும்?

இந்த விஷயங்கள் நம் கட்டுரைகளில் அபூர்வம். டைனோசர் மட்டும் தவறாமல் வரும். 2020 கடைசியில் குன்னம் பக்கம் நீர்நிலையைத் தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. உடனே டைனோசர் முட்டை என்று போட்டோக்கள் பறந்தன. அவை கடலடியில் அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட படிவங்கள் என்று புவியியலாளர்கள் சொன்னபோது கேட்க ஆள் இல்லை. ஒரு நத்தைக்கு நாம் அவ்வளவு நேரம் கொடுக்க மாட்டோம்.

இதைவிடப் பெரிய விடுபடல் குவாரி. காரையின் பள்ளங்கள் மழை அரித்தவை. சிமெண்ட் சுரங்கங்கள் மனிதன் வெட்டியவை. கட்டுரைக்காரர்கள் முதலாவதைப் படம் பிடிக்கிறார்கள்; இரண்டாவது ஃபிரேமுக்குள் வராமல் கேமராவைத் திருப்புகிறார்கள். புவியியல் படிக்கும் பையனைக் கேளுங்கள், அவன் நேராக குவாரிக்குத்தான் கூட்டிப்போவான். வெட்டிய சுவரில்தான் அடுக்கு தெரியும். சுண்ணாம்புக்கல்லைத் தோண்டுகிற அதே கைதான் அந்தப் பழைய கடலைத் திறந்து காட்டுகிறது, அரைத்துத் தூளாக்கவும் செய்கிறது. இந்த முரணை விட்டுவிட்டு அரியலூரை எப்படி எழுத முடியும்? சாலையில் வரிசையாக ஓடும் கல் லாரிகள், கூரைமேல் படியும் தூசி எல்லாம் சுற்றுலாவுக்கு இடைஞ்சல் அல்ல. அவைதான் அந்த நிலத்தின் இன்றைய கதை.

அதே மண்ணில் அரசியல் கதையும் இருக்கிறது. கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை 1939இல் வந்தது. ஊர்ப் பெயர் டால்மியாபுரம் ஆனது. 1953 ஜூலையில் திமுக அந்தப் பெயருக்கு எதிராகப் போராடியது, கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சம்பவம். அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்து மண்ணில் ஒரு பழைய பவளத்திட்டின் எச்சம் கிடக்கிறது என்பதையும், அதை எடுக்க வந்த ஆலையால்தான் பெயர் மாறியது என்பதையும் ஒரே பத்தியில் எழுதிய பயணக் கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதே கதை. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைச் சொல்வார்கள். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கோயில் மதிலை இடித்துக் கல் எடுத்ததைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கல் நம் ஊரில் எப்போதும் வேறு ஏதோ ஒன்றாகிக்கொண்டேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்கரையில் ஜுராசிக் கடற்கரை என்று ஒன்று உண்டு. 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதற்குள் வரும் போர்ட்லண்ட் தீவில் பழைய கல் குவாரிகளே பார்க்கும் இடங்களாகிவிட்டன. ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் தன் சிமெண்ட்டுக்கு அந்தத் தீவின் கல்லை நினைத்துத்தான் பெயர் வைத்தார். நம் வீட்டு மாடியில் கிடக்கும் காலி சிமெண்ட் மூட்டையை எடுத்துப் பாருங்கள். 'போர்ட்லண்ட் பொஸோலானா' என்று போட்டிருக்கும். முதல் சொல் ஓர் ஆங்கிலத் தீவு. இரண்டாவது, இத்தாலியில் எரிமலைச் சாம்பல் கிடைக்கும் பொஸ்ஸுவோலி என்ற ஊரிலிருந்து வந்தது. ஆனால் உள்ளே இருப்பது அரியலூர் மாதிரி ஊர்களின் கல், கூடவே அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல். 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. நம் ஊர்கள் மூட்டைக்குள் இருக்கின்றன, மூட்டையின் மேல் இல்லை.

இனி எங்கள் பக்கம் வருகிறேன். மதராஸின் பழைய வெள்ளைக் கட்டடங்களுக்கு மெருகு கொடுத்தது மலைக் கல் அல்ல, கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு ஏரிப் பக்கம் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம் என்று ஏதேதோ சேர்த்துத் தேய்த்தார்கள். பளிங்கோ என்று வெள்ளைக்காரப் பயணிகள் ஏமாந்தார்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அந்த ஸ்டேஷனின் தூண்களோடு போட்டோ எடுக்க ஹெரிட்டேஜ் வாக் கூட்டம் வருகிறது, கல்மண்டபம் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறது. வடக்கே இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் கிளிஞ்சல் இன்றும் உயிரோடிருக்கும் கழிமுகம். அது அவர்களின் வரைபடத்தில் இல்லை. ராஜேந்திர சோழனைத் தேடி சோழபுரம் போகிறவர்களுக்கு, அவன் காலத்தில் கல்லில் எழுந்த தூங்கானை மாட விமானம் திருவொற்றியூரில் இருப்பதும் தெரியாது. பஸ்ஸில் போனால் பாரிமுனையிலிருந்து அரை மணி நேரம்தான், டிராஃபிக் இல்லையென்றால்.

கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் எண்ணூர் முகத்துவாரத்தில் மஞ்ச மட்டி என்று ஒரு சிப்பி உண்டு. எங்கள் பெண்கள் சேற்றில் குனிந்து கையால் தடவி எடுப்பார்கள். இப்போது அந்த இடத்தைக் காக்கா ஆழி பிடித்துவிட்டது. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஆழி அது, கப்பல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கம்பளம் விரித்த மாதிரி ஆற்றடியை மூடுகிறது. இறால் புதைய இடமில்லை. அதற்குக் கீழே பல இடங்களில் இருப்பது சேறுகூட இல்லை. செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகிச் சேர்ந்த சாம்பல். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது.

காட்டுக்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அரியலூர்ப் படங்களைப் போனில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது எங்க தம்பி, கடலே காணோம்?" என்றார். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இருந்தது என்றேன். "அப்ப இதுவும் நம்ம ஆளுங்க பொழச்ச எடம்தான்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சிப்பிகளைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். எது மட்டி, எது ஆழி என்று அவரே பிரித்தார். எனக்குத் தெரிந்து அரியலூர்ப் படங்களை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வந்தது. அதற்குப் பிறகு 'தேசாந்திரி' மாதிரியான தொடர்கள் பயண எழுத்தைச் சின்னக் கட்டுரையாக்கி ஆயிரக்கணக்கான வாசகர்களிடம் கொண்டுபோயின. அது நல்ல காரியம். ஆனால் அந்த வடிவத்தைப் பின்பற்றுகிறவர்கள் பெருமூச்சை எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டார்கள். இடிபாடும் இயற்கையும் அவர்களுக்கு அழகு. உழைப்பு நடக்கும் இடம், புகை வரும் இடம் என்றால் உடனே அது 'பிரச்சினை', அதற்கு வேறு பத்திரிகை இருக்கிறது. நிலம் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை.

எழுதப்போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி எண்ணூரில் இறங்குங்கள். ஆற்றோரம் போய் நீர் வற்றும் நேரத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளினால் மேலே ஆழி, கீழே சாம்பல், அதற்கும் கீழே பழைய மட்டியின் வெள்ளை ஓடு. அதை எழுதிவிட்டு அரியலூர் போங்கள். குவாரி விளிம்பில் நின்று பாருங்கள், கேமராவைத் திருப்பாமல்.